எனக்கு எங்கே கையெழுத்து, அண்ணாச்சி?

வாசகர் கேள்வி – பதில்

(சாத்தூர் வட்டாரத்தில் 37 ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்தவர் இந்தப் பக்கத்தில் பதில் சொல்கிறார். இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தன. சில சட்டங்கள் நூறு வருஷம் நிற்கின்றன, சிலதை வந்த வேகத்திலேயே திருத்துகிறார்களே, ஏன்?)

கேள்வி: 1872-ல் வந்த ஒப்பந்தச் சட்டம் இன்னமும் ஓடுகிறது. 2017-ல் வந்த ஜிஎஸ்டியை மட்டும் ஏன் ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?
– கோவில்பட்டியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை

டீச்சர், அந்த ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். அர்த்தம் தெளிவில்லாத ஒப்பந்தம் செல்லாது என்பதுதான் பிரிவு. அதற்குக் கீழே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் இன்னொருவருக்கு நூறு டன் எண்ணெய் விற்பதாகச் சொல்கிறார். என்ன எண்ணெய் என்பதற்கு ஒரு துப்பும் இல்லை. செல்லாது. ஆனால் விற்கிறவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே வியாபாரம் செய்கிறவராக இருந்தால்? அவர் ‘எண்ணெய்’ என்று சொன்னால் அது தேங்காய் எண்ணெய்தான். செல்லும்.

முதன்முதலில் இதைப் படித்தபோது சட்டப் புத்தகம் படிக்கிற மாதிரியே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் செக்கு வைத்திருந்தவர் நல்லெண்ணெய் மட்டும்தான் ஆட்டுவார். தூக்குச்சட்டியை நீட்டி ‘அரைப்படி எண்ணெய்’ என்போம். என்ன எண்ணெய் என்று அவரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. அந்தத் தெருப் பேச்சுதான் 1872-லேயே சட்டத்தில் ஏறியிருக்கிறது. மனப்பூர்வமான சம்மதம் வேண்டும், மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கக் கூடாது, மைனரோடு செய்யக் கூடாது, நோக்கமும் கைமாறுவதும் சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். 10-ஆவது பிரிவின் சாரம் இவ்வளவுதான். இதில் விலை இல்லை, வரி இல்லை, கெடு தேதி இல்லை. மாட்டு வண்டியில் பருத்தி ஏற்றியவருக்கும் பொருந்தியது, செல்போனில் ஆர்டர் போடுகிறவருக்கும் பொருந்துகிறது.

அதில் யாருமே கை வைக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். சரக்கு விற்பனை பற்றிய பகுதியை 1930-லும், கூட்டு வியாபாரம் பற்றிய பகுதியை 1932-லும் தனித்தனிச் சட்டமாகப் பிரித்தார்கள். கிளையைப் பதியம் போட்டு வேறு இடத்தில் ஊன்றியது போல. அடிமரம் அப்படியே நின்றது.

ஜிஎஸ்டி வேறு வகை. அது தினம் தினம் எண்ணோடு வாழ்கிற சட்டம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் 28 சதவீதம் போட்டார்கள். பட்டறைக்காரர்கள் கூக்குரல் போட்டார்கள், அதே நவம்பரில் 12 ஆனது. 2019-ல் 5, 2022-ல் 18. கல் அதே கல்தான், மாவும் அதே மாவுதான். சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீதம் போட்டு, பெண்கள் கேள்வி கேட்டு, ஒரு வருஷம் கழித்து 2018 ஜூலையில் வரியே இல்லை என்றார்கள். அந்த முதல் பட்டியல் போடும்போது நாலு பெண்களைக் கலந்து பேசியிருந்தால் அந்த ஒரு வருஷம் தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு 5, 18 என்று இரண்டே விகிதம். எண்ணைச் சட்டத்துக்குள் செதுக்காமல் அறிவிக்கையில் வைத்திருப்பதால்தான் இவ்வளவு வேகமாக மாற்ற முடிகிறது, அது நல்லதுதான். வரிச் சட்டம் அடிக்கடி திருத்தப்படுவதை வைத்து மட்டும் அதை மோசமான சட்டம் என்று சொல்ல மாட்டேன். யாரைக் கேட்காமல் எழுதினார்கள், அந்தப் பிழையைத் திருத்த எத்தனை நாள் ஆனது, இந்த இரண்டையும்தான் நான் பார்ப்பேன்.

கேள்வி: வாடகை ஒப்பந்தத்தை எல்லோரும் 11 மாதத்துக்கே போடுகிறோமே, ஏன்?
– விருதுநகரிலிருந்து ஒரு வீட்டுக்காரர்

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுதான் காரணம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை, வாடகை என்றால் கட்டாயம் பதிய வேண்டும். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும் அதையே சொல்கிறது. சரியாக ஒரு வருஷம் போட்டால்கூடப் பதிவு தேவையில்லைதான். ஆனால் வம்பு எதற்கு என்று ஜனங்கள் ஒரு மாதம் குறைத்தே போட்டார்கள். 11 மாதம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, அது மக்கள் கண்டுபிடித்தது. நானே எத்தனை ஆயிரம் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை.

பிறகு தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வந்தது. சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றியது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறை. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்துக்கு இது வந்தது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. சட்டத்தில் கொடுத்த கெடுவுக்குள் வந்து பதிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் ‘பதினொரு மாசத்துக்குத்தானே, பதிய வேண்டாமே?’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நூறு வருஷப் பழக்கத்தை ஒரு கெடு தேதி மாற்றாது. ஆனால் உங்களுக்கு என் யோசனை: பதிந்துவிடுங்கள். நாளைக்கு வாடகைத் தகராறு என்று போனால் முதலில் கேட்கிற காகிதம் அதுதான்.

இதோடு ஒட்டி இன்னொன்று. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மண்ணையோ மனையையோ விற்றால் கிரையப் பத்திரத்தைப் பதிய வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு சொல்கிறது. அன்றைக்கு நூறு ரூபாய் பெரிய தொகை. சின்னத் துண்டு நிலத்தைக் கைமாற்றுகிற ஏழைக்கு அலைச்சல் வேண்டாம் என்று விட்ட விலக்கு அது. நம் மாநிலத்தில் அந்த நூறை யாரும் திருத்தவே இல்லை. இன்றைக்கு நூறு ரூபாய்க்குக் கீழே எந்த ஊரில் மண் இருக்கிறது? ஒரு எழுத்தும் மாறாமலே, ஏழைக்குக் கொடுத்த விலக்கு காணாமல் போய்விட்டது. திருத்தாமல் விடுவதாலும் சட்டம் மாறும் என்பதை நான் இந்த ஒரு வரியில்தான் தெரிந்துகொண்டேன்.

கேள்வி: 1862 முதல் நடந்த இந்திய தண்டனைச் சட்டத்தையே மாற்றிவிட்டார்களே, அப்படியானால் எதுவும் நிலையில்லை என்றுதானே அர்த்தம்?
– தூத்துக்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

தம்பி, 2024 ஜூலை 1-ல் மாறியதில் பெரும்பகுதி எண்கள். கொலைக்கு 302 என்று இருந்தது 103 ஆனது. மோசடிக்கு 420 என்று இருந்தது 318 ஆனது. எது திருட்டு, எது மோசடி என்ற விளக்கம் ஏறக்குறைய அப்படியே இடம் மாறியிருக்கிறது.

நீங்கள் தூத்துக்குடிக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊரிலிருந்து கப்பல் ஓட்டிய வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் 1908-ல் சிறைக்கு அனுப்பியது அந்தச் சட்டத்தின் 124ஏ பிரிவு. அரசின் மேல் வெறுப்பை உண்டாக்கிப் பேசினால் ராஜதுரோகம். 1870-ல் சேர்த்தார்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் 75 வருஷத்துக்கு மேல் புத்தகத்தில் இருந்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்த பிறகுதான் அசைந்தது. புதுச் சட்டத்தில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து உண்டாக்குவது பற்றி 152-ஆவது பிரிவு இருக்கிறது, அதையும் வரி வரியாகப் படித்துப் பாருங்கள். 124ஏ இத்தனை காலம் நின்றதற்குக் காரணம் அதன் நியாயம் அல்ல. நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் அது கைக்கு வசதியாக இருந்தது.

கேள்வி: மக்கள் வழக்கத்தை ஒட்டிப் போகிற சட்டம்தான் நிற்கும் என்கிறார் என் மாமனார். சரியா?
– சிவகாசியிலிருந்து ஒரு இல்லத்தரசி

மாமா சொல்வதில் பாதி சரி. சுயமரியாதைத் திருமணத்தைப் பாருங்கள். என் சின்னம்மாவின் கல்யாணம் 1961-ல் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் மாலை மாற்றி நடந்தது. ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. இந்த மாதிரித் திருமணம் செல்லாது என்று 1953-லேயே சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருந்தது. அது தெரிந்தும் ஊர் ஊராக நடத்திக்கொண்டே இருந்தார்கள். அண்ணா முதல்வராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, 1968 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் செல்லும். அதற்கு முன்னால் நடந்ததும் செல்லும். அந்தச் செய்தி வந்த நாளில் சின்னம்மா வீட்டில் பாயசம் வைத்தார்களாம். ஏழு வருஷமாக ஊருக்குப் பெண்டாட்டியாக இருந்தவர், சட்டத்துக்கும் அன்றைக்குத்தான் பெண்டாட்டி ஆனார். அரை நூற்றாண்டு தாண்டி அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு, மதுவிலக்கு. ராஜாஜி 1937 அக்டோபர் 1-ல் சேலம் ஜில்லாவில் ஆரம்பித்த அந்தச் சட்டம் ரத்தாகவில்லை. பேர் இன்றைக்கும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. டாஸ்மாக் கடைகளுக்கான 2003-ஆம் ஆண்டு விதிகளும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் போடப்பட்டிருக்கின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு, அதே சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். பேரைப் பார்த்தால் 90 வருஷத்தை நெருங்கும் சட்டம். உள்ளே இருந்த நோக்கம் எப்போதோ வெளியே போய்விட்டது. ஒரு சட்டம் நிற்கிறதா என்று பார்க்க அதன் பேரை மட்டும் பார்த்தால் போதாதும்மா.

கேள்வி: 12 மணி நேர வேலை மசோதா என்ன ஆனது?
– ராஜபாளையத்திலிருந்து ஒரு மில் தொழிலாளி

2023 ஏப்ரல் 21-ல் சட்டசபையில் நிறைவேறியது. மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். உங்களைப் போன்றவர்களிடம் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டியதைப் பத்து நாளில் கேட்டுக்கொண்டார்கள்.

கேள்வி: அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 17 மாதத்துக்குள் திருத்தினார்களாமே? எழுதத் தெரியாமல் எழுதினார்களா?
– மதுரையிலிருந்து ஒரு போட்டித் தேர்வு மாணவி

அப்படி இல்லை, பாப்பா. அந்தக் கதை நம் சென்னை மாகாணத்தில்தான் ஆரம்பிக்கிறது. மருத்துவம், பொறியியல் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிடும் அரசாணை இங்கே இருந்தது. புது அரசியலமைப்பு வந்ததும், சமத்துவ உரிமைக்கு அது விரோதம் என்று செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பெரியாரும் மற்றவர்களும் கிளர்ச்சி செய்தார்கள், தமிழ்நாடே கொதித்தது. ஜூன் 18-ல் முதல் திருத்தம் வந்துவிட்டது. பிற்பட்டவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்கிற 15(4) அதில் வந்ததுதான். பேச்சுரிமைக்குக் கூடுதல் கட்டுப்பாடும் அதே திருத்தத்தில்தான் வந்தது, அது எனக்கு உவப்பில்லை. 

எழுதிய சபையே தற்காலிக நாடாளுமன்றமாக உட்கார்ந்து திருத்தியது, அம்பேத்கர் அப்போது சட்ட அமைச்சர். எழுதினவர்களே ‘இந்த இடத்தில் இன்னொரு வரி வேண்டும்’ என்று சொல்லிச் சேர்த்ததை நான் பிழையாகப் பார்க்கவில்லை. பத்திரத்தில் ஒரு சர்வே நம்பர் விட்டுப்போனால் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதுகிறோம் அல்லவா, அந்த மாதிரி. 2023 வரை 106 திருத்தம் ஆகியிருக்கிறது. ஆனால் தீண்டாமையை ஒழிக்கிற 17-ஆவது உறுப்பில் இன்று வரை ஒரு எழுத்துகூட மாறவில்லை. பரீட்சைக்கு இதையும் குறித்துக்கொள்.

கேள்வி: அண்ணாச்சி, நெடுநாள் திருத்தப்படாத சட்டம் என்றால் அது நல்ல சட்டம் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– எட்டயபுரத்திலிருந்து ஒரு வாசகர்

எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன்.

1991 ஆவணி. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் பாகப் பிரிவினைக்கு வந்தது. பூர்வீகச் சொத்து. கரிசல் புஞ்சை ஏழு ஏக்கர், ஒரு கிணறு, ஒரு ஓட்டு வீடு. அப்பா, இரண்டு மகன்கள், கல்யாணமாகாத சின்ன மகள், நாலு பங்கு. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. கருணாநிதி ஆட்சியில் வந்த திருத்தம். ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆனவளுக்குக் கிடையாது. மூத்த மகளுக்கு 1987 தையில் கல்யாணம் ஆகியிருந்தது.

நாலு பேரும் ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா கைநாட்டு. மூத்தவள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் எழுந்து வெளியே வந்ததும், குழந்தையைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள். “எனக்கு எங்கே கையெழுத்து, அண்ணாச்சி?” என்றாள். கோபமெல்லாம் இல்லை. தன் முறை வந்துவிட்டது என்று நினைத்துக் கேட்டாள். பேனாவுக்காகக் கையை நீட்டியே வைத்திருந்தாள்.

“உனக்கு இதில் கையெழுத்து கிடையாதும்மா” என்றேன். அவள் தங்கச்சியைப் பார்த்தாள். தங்கச்சி குழந்தையைப் பார்த்தாள். அப்பா பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்.

அன்றைக்கு ராத்திரி அந்த நகலை எடுத்துப் படித்தேன். எங்கள் தொழிலில் வழிவழியாக எழுதுகிற ஒரு வாசகம் உண்டு. சொத்தை ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்போம். மகன், பேரன் வழியாக என்று அர்த்தம். என் குருநாதர் எழுதினார், நானும் எழுதினேன். அதில் மகள் எங்கே என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மறுநாளிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டேன், ‘தாங்களும் தங்கள் வாரிசுகளும்’ என்று எழுத ஆரம்பித்தேன். பத்திரம் எழுத வந்தவர்களில் சிலர் பழைய மாதிரி எழுதச் சொன்னார்கள். எழுதவில்லை.

மகளுக்குப் பங்கில்லை என்ற ஏற்பாடு நூற்றாண்டுக் கணக்கில் நின்றது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். 1951-ல் இந்து சட்ட மசோதா முடங்கியதால் அம்பேத்கர் அமைச்சர் பதவியையே விட்டார். 1956-ல் வந்த வாரிசுரிமைச் சட்டம் அப்பாவின் தனிப் பங்கில் மகளுக்குச் சிறு துண்டு கொடுத்தது, பூர்வீகத்தில் பிறவி உரிமை கொடுக்கவில்லை. தீர்மானத்துக்கும் நம் மாநிலத் திருத்தத்துக்கும் இடையே அறுபது வருஷம். அந்த அறுபது வருஷத்தில் எத்தனை மூத்தவள்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன். அந்தச் சட்டம் அவ்வளவு காலம் நின்றது எல்லோரும் ஒப்புக்கொண்டதால் அல்ல. வலி யாருக்கோ, அவர்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

கேள்வி: எனக்கு 1985-ல் கல்யாணம். 1998-ல் அப்பாவும் அண்ணன் தம்பி இருவரும் பூர்வீக நிலத்தைப் பாகம் பிரித்துப் பதிந்துவிட்டார்கள். அப்பா 2010-ல் உயில் எழுதாமல் தவறிவிட்டார். இப்போதுதான் எல்லாப் பெண்களுக்கும் பங்கு என்கிறார்களே, நான் கேட்கலாமா?
– அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு வாசகி

தாயி, 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுக்க மகள் எப்போது கல்யாணம் ஆனவளாக இருந்தாலும் மகனுக்குச் சமம்தான். திருத்தம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிந்து முடிந்த பாகப் பிரிவினையை இந்தத் திருத்தம் தொடாது. 1998 பத்திரத்தை இந்தக் காரணத்துக்காகப் பிரிக்க முடியாது. இதை எழுத எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் உங்களுக்கு உண்மை தெரிய வேண்டும்.

கை விட்டுவிடாதீர்கள். அந்தப் பிரிவினையில் அப்பாவுக்கு ஒரு பங்கு விழுந்திருக்கும். அவர் உயில் எழுதவில்லை என்பதால் அது அம்மா, அண்ணன், தம்பி, நீங்கள் எல்லோருக்கும் சமமாக வரும். 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படியே வரும். அண்ணன் தம்பி பேரில் பட்டா மாறியிருந்தாலும் பட்டா மட்டும் உங்கள் உரிமையை அழித்துவிடாது. முதலில் 1998 பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கி, அப்பாவுக்கு எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று பாருங்கள். அந்த எண்களுக்கு 1998 முதல் இன்று வரை வில்லங்கச் சான்று போடுங்கள், அப்பா யாருக்காவது எழுதிக் கொடுத்திருந்தாரா என்று அதில் தெரியும். அப்புறம் தாசில்தார் அலுவலகத்தில் அப்பா பேரில் வாரிசுச் சான்றிதழ் ஏற்கெனவே வாங்கியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். வாங்கியிருந்தால் அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்று காகிதமும் கையில் வந்ததும் நாள் கடத்தாமல் ஒரு வக்கீலைப் பாருங்கள். பத்திர நகலில் படிக்க முடியாத இடம் இருந்தால் இந்தப் பக்கத்துக்கே அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.